செராமிக் பூச்சு: பீங்கானா, சுடுபூச்சா?

காருக்கு மெருகேற்றும் இடங்களில் எல்லாம் இப்போது ‘செராமிக் கோட்டிங்’ என்று பலகை தொங்குகிறது. புட்டியில் வரும் அந்தத் திரவம் சூளையைக் கண்டதே இல்லை. நாம் பார்க்கப்போவது வேறு: உலைப் பாகங்கள், எஞ்சினின் புகைக்குழாய் போன்ற எஃகுப் பொருள்களைக் கொதிக்கும் வாயுவிடமிருந்து காக்கும் பூச்சு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால்தான் இந்த விளக்கமே தேவைப்படுகிறது.

கிரேக்கத்தில் ‘கெரமோஸ்’ என்றால் குயவர் மண். அந்த மண்ணில் செய்த கலத்துக்கும் ஓட்டுக்கும் அதே பெயர்தான். ஏதென்ஸில் குயவர்கள் இருந்த பகுதியின் பெயர் கெரமெய்கோஸ். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் ‘செராமிக்’ ஆக வந்தது. வந்த வழியில் மண் உதிர்ந்துவிட்டது. இன்று அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), சிர்க்கோனியா (சிர்க்கோனியம் ஆக்சைடு), சிலிக்கான் கார்பைடு எல்லாமே செராமிக்தான். களிமண் ஒரு பிடிகூட இருக்க வேண்டியதில்லை. உலோகமும் அல்லாத, கரிமச் சேர்மமும் அல்லாத, கடும் சூட்டில் உருவாகும் திடப்பொருள் என்பதே இப்போதைய பொருள். மிஞ்சியது நெருப்பு மட்டும்.

தமிழில் என்ன சொல்வது? ‘பீங்கான்’ பாரசீகத்திலிருந்து வந்த சொல். கேட்டதும் வெள்ளைக் கோப்பையும் தட்டும்தான் கண்முன் வரும். ‘மட்பாண்டம்’ பாண்டத்தைச் சொல்கிறது, பொருளைச் சொல்லவில்லை. ‘வெங்களி’ கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அதற்குள் களி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘சுடுமண்’ என்ற சொல்லை நாம் இயல்பாகப் புழங்குகிறோம். அதிலிருந்து மண்ணை விட்டுவிட்டு ‘சுடு’வை மட்டும் எடுத்தால் ‘சுடுபூச்சு’. வினைத்தொகை என்பதால் சுட்ட பூச்சு, சுடும் பூச்சு என முக்காலத்துக்கும் விரியும். சுடுநீர் போல ‘சூடான பூச்சு’ என்று யாராவது புரிந்துகொள்ளக்கூடும். முதல் முறை எழுதும்போது ஒரு வரி விளக்கம் சேர்த்துவிட்டால் போயிற்று.

அடுத்த சிக்கல் ‘கரோஷன்’. இதைக் கண்ணை மூடிக்கொண்டு ‘துரு’ என்று எழுதுகிறார்கள். துருவுக்கு ஈரம் வேண்டும். 700 டிகிரி செல்சியஸில் இருக்கும் எஃகில் ஈரம் எங்கே? அங்கே வாயுவே நேராக எஃகைத் தின்கிறது. ‘கரோஷன்’ லத்தீனில் கொறித்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. கறையான் அரிப்பதைச் சொல்லும் நம் ‘அரிப்பு’ அதற்குக் கச்சிதம். ஆகவே இது ‘உயர்வெப்ப வாயு அரிப்பு’.

அது நடக்கும் விதம்: சூட்டில் இரும்பின் மேல் ஆக்சைடுச் செதில் படியும். சுமார் 570 டிகிரிக்கு மேல் அந்தச் செதிலின் அடியில் வுஸ்டைட் என்ற ஆக்சைடு உருவாகிறது. இரும்பு அணுக்கள் இருக்க வேண்டிய இடங்கள் பல அதில் காலியாகக் கிடப்பதால், உள்ளேயிருந்து இரும்பு அதன் வழியே வேகமாக வெளியேறும். செதில் தடித்துக்கொண்டே போய்ப் பொரிந்து உதிரும், புதுப்பரப்பு மறுபடி வாயுவுக்கு இரையாகும். மேற்பரப்பிலுள்ள கார்பனும் எரிந்துபோவதால் எஃகின் கடினமும் குறையும். வாயுவில் கந்தகம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். குரோமியத்தை நிறையச் சேர்த்த எஃகு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். குரோமியம் கிடைக்காதபோதோ கட்டுப்படியாகாதபோதோ சாதாரண எஃகுக்குச் சட்டை போட்டுவிட வேண்டியதுதான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தேசியத் தரநிலைப் பணியகம் விமானப் புகைக்குழாய்களுக்காக இத்தகைய சுடுபூச்சை உருவாக்கியது. ஒரு வகைக் கண்ணாடியை உருக்கித் தண்ணீரில் கொட்டினால் அது சிதறிப் பொடிக்கற்களாகும். அந்தக் கற்களுக்குப் ‘ஃபிரிட்’ என்று பெயர். அதைக் களிமண், தண்ணீர், சூடு தாங்கும் ஆக்சைடு ஆகியவற்றோடு அரைத்துக் குழம்பாக்கி, எஃகின் மேல் தெளித்து உலர்த்திச் சுடுவார்கள். கண்ணாடி உருகிப் பரவி, எஃகோடு ஒன்றிவிடும். பிடிமானத்துக்குச் சிறிதளவு கோபால்ட் ஆக்சைடு சேர்ப்பது எனாமல்காரர்களின் பழைய உத்தி. (எனாமல் பாத்திரத்தில் இருப்பதும் இதே கண்ணாடிதான். எனாமல் பெயிண்டுக்கும் இதற்கும் பெயர் ஒன்று, உறவு ஏதுமில்லை.)

சூட்டில் எஃகு கண்ணாடியைவிடச் சற்றுக் கூடுதலாக விரிய வேண்டும். அப்போதுதான் ஆறும்போது எஃகு சுருங்கிப் பூச்சை இறுக்கும். கண்ணாடி இறுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இந்தக் கணக்குத் தப்பினால் விரிசல்தான். கணக்குச் சரியாக இருந்தும், சுடும்போது எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜன் நாள் கழித்து வெளிவந்து பூச்சைப் பிறைப் பிறையாகப் பெயர்ப்பதுண்டு. அந்தத் தழும்புக்குத் தொழிலில் ‘மீன்செதில்’ என்று பெயர்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. விமான டர்பைன் தகடுகளில் தெளிக்கும் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) சேர்த்த சிர்க்கோனியாவையும் செராமிக் பூச்சு என்றே அழைக்கிறார்கள். அதன் வழியாக ஆக்சிஜன் தாராளமாகப் போய்வரும். அரிப்பைத் தடுப்பது அதற்கு அடியிலுள்ள உலோகப் பூச்சின் மேல் வளரும் மெல்லிய அலுமினாப் படலம். மேலே இருப்பது சூட்டை மட்டும் மட்டுப்படுத்துகிறது. அதைச் சுடுபூச்சு என்று எழுதக் கூடாது. ‘வெப்பத்தடைப் பூச்சு’ என்பதே சரி.