பிடிஎஃப்பில் விடுபட்ட இரண்டு பக்கங்கள்

பதிப்பகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாள் ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். கடைசியாக எந்தப் புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்து முடித்தீர்கள்? தமிழ் இலக்கியம் படிப்பவர்கள், இதழியல் படிப்பவர்கள், பொறியியல் முடித்துவிட்டு மனசு கேட்காமல் வந்தவர்கள் என்று வருடத்துக்கு நாலைந்து பேர் வருகிறார்கள். எல்லோருக்கும் புத்தகம் என்றால் உயிர். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் வரக் கொஞ்ச நேரமாகும். "பாதி படிச்சிருக்கேன் அக்கா", "கதை தெரியும்", "பிடிஎஃப் வெச்சிருக்கேன்" என்பார்கள்.

போன தடவை வந்த ஒரு தம்பி கைப்பேசியைத் திறந்து காட்டினார். 300 புத்தகங்களுக்கு மேல் இருந்தன. அவற்றில் 11 புத்தகங்கள் நாங்கள் போட்டவை, எங்கள் அனுமதியில்லாமல் சுற்றுகிற பிடிஎஃப்கள். சந்தோஷமாகத்தான் காட்டினார். அது எங்கள் வயிற்றில் அடிக்கிற காரியம் என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. முதலில் வேலை பழகட்டும் என்று மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்த, உட்கார வைத்தேன்.

எங்கள் இடத்தில் முதல் மெய்ப்பை இரண்டு பேராகப் பார்ப்போம். ஒருவர் கையெழுத்துப் படியை வாய்விட்டு வாசிப்பார், காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் சேர்த்து. இன்னொருவர் அச்செடுத்த தாளில் பென்சிலோடு பின்தொடர்வார். முதல் நாள் பத்துப் பக்கத்திலேயே பிள்ளைகளுக்குத் தொண்டை வறண்டுவிடும். கண் முன்னால் ஓடும், மனசு பின்தங்கும். இரண்டாவது வாரம் ஒரு மாற்றம் தெரியும். வரியில் தடுக்கி நிற்பார்கள்.

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு மாணவி அப்படித்தான் ஒரு நாள் நின்றாள். ஒரு நாவலின் மெய்ப்பு அது. "ஆறு வருஷம் அந்த மில்லில் வேலைப் பார்த்தான்" என்று அச்சாகியிருந்தது. "அக்கா, இது சரியா?" என்றாள். நீயே யோசி என்றேன். ஒரு நிமிஷம் கழித்துச் சிரித்துவிட்டாள். ஒற்று இல்லாமல் "வேலை பார்த்தான்" என்றால் உழைத்தான். நடுவில் ப் போட்டால் வேல் என்கிற ஆயுதத்தைப் பார்த்தான். ஆறு வருஷம் மில்லில் நின்று முருகனுடைய வேலைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று ஆகிவிடும். ஒரே ஒரு புள்ளி எழுத்து! அதைப் பென்சிலால் அடித்தபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன். அதற்கப்புறம் பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றியபோது "ஔ" என்பது "ஒ", "ள" என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்து கிடந்ததையும் அவளே கண்டுபிடித்தாள். தாளில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கணினியில் ஔவை என்று தேடினால் ஒன்றுமே கிடைக்காது.

அந்த நாவலுக்கு மூன்று மெய்ப்பு பார்த்தோம். 208 பக்கம். சென்னைப் புத்தகக் காட்சிக்குள் வந்தாக வேண்டும் என்று டிசம்பரில் ராப்பகலாக வேலை நடந்தது. 1977-இல் தொடங்கிய காட்சி அது. இன்றைக்கும் பல தமிழ்ப் பதிப்பகங்களுக்குப் பொங்கலை ஒட்டிய அந்த நாட்கள்தான் அறுவடைக் காலம். முதல் அச்சாக 300 படி போட்டோம். ஒரு காலத்தில் 1,200 படி என்பதுதான் தமிழில் வழக்கமான முதல் பதிப்பு. இப்போது இலக்கியப் புத்தகத்தை 300 போடவே கையைப் பிசைகிறோம்.

அரங்கில் பிள்ளைகளை மாறிமாறி நிறுத்தினேன். வாசகரை நேருக்கு நேர் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வெயிலில் நடந்து வந்து, துண்டுச்சீட்டில் எழுதிய நாலு பெயரைக் காட்டி, 10 சதவீதக் கழிவு போக எவ்வளவு என்று கேட்டு, சில்லறையை எண்ணிக் கொடுத்து வாங்கிப் போன பெரியவர்களைப் பார்த்தார்கள். அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு, "பிடிஎஃப் கிடைக்குமான்னு பார்ப்போம்" என்று எங்கள் காதுபடவே சொல்லிவிட்டு நகர்ந்த இளைஞர்களையும் பார்த்தார்கள். கைப்பேசியில் 300 புத்தகம் வைத்திருந்த தம்பி அப்போது பில் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை.

காட்சி முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு தாளில் கணக்குப் போடச் சொன்னேன். அந்த நாவலின் விலை 250 ரூபாய். கடைக்காரர் கழிவு 35 சதவீதம், அதாவது 87 ரூபாய் 50 காசு. எழுத்தாளருக்கு 10 சதவீதம், 25 ரூபாய். 300 படிக்குத் தாள், அச்சு, கட்டு என்று படிக்கு ஏறக்குறைய 80 ரூபாய். மிச்சம் 57 ரூபாய் 50 காசு. 300 படியும் விற்றால் 17,250 ரூபாய். அட்டை ஓவியருக்கும் பக்கம் வடிவமைத்தவருக்கும் கொடுத்தாலே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அப்புறம் கிடங்கு வாடகை, திரும்பி வருகிற படிகள், முனை மடங்கி விற்க முடியாமல் போகிறவை. எழுத்தாளருக்கு 300 படிக்கும் சேர்த்து 7,500 ரூபாய். நான்கு வருஷம் எழுதிய நாவல். தாளைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் ரொம்ப நேரம் பேசவில்லை.

இந்தத் தொழிலில் புத்தகத்தைக் காப்பாற்றுவது இரண்டாவது அச்சுதான். மெய்ப்புச் செலவு, வடிவமைப்புச் செலவு, அட்டைச் செலவு எல்லாம் முதல் அச்சோடு முடிந்துவிடும். அடுத்த 300 படியில் வருவதை வைத்துத்தான் இன்னொரு புது எழுத்தாளரின் கையெழுத்துப் படியைத் தைரியமாகக் கையில் எடுக்க முடியும். புத்தகம் வந்த ஒரே மாதத்தில் அதன் படம்பிடித்த கோப்பு ஊரெல்லாம் சுற்றினால் அந்த இரண்டாவது அச்சு நடக்காது.

இந்த நாவலுக்கு அதுதான் நடந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் திருவண்ணாமலை மாணவி வேகமாக வந்து கைப்பேசியை நீட்டினாள். அவள் கல்லூரிக் குழு ஒன்றில் எங்கள் நாவல் பிடிஎஃப்பாக வந்திருந்தது. யாரோ ஒருவர் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்திருக்கிறார். சில பக்கங்களின் ஓரத்தில் கட்டைவிரல் தெரிந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நம்ம மூணு மெய்ப்பு பார்த்தோமேக்கா" என்றாள்.

அன்று சாயங்காலம்வரை அந்தக் கோப்பை அவள் முழுதாகப் பார்த்தாள். 111-ஆம் பக்கத்துக்கு அடுத்து 114 வந்தது. படம் எடுத்தவர் ஒரு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டார். கதையில் அப்பா இறந்துபோவது 112, 113-ஆம் பக்கங்களில்தான். எழுத்தாளர் அதைச் சத்தமில்லாமல், ஒரு மருத்துவமனை வராந்தாவில் டீ ஆறிப்போவதை வைத்துச் சொல்லியிருப்பார். நாங்கள் கை வைக்கத் தயங்கிய பக்கங்கள் அவை.

அவளுடைய தோழி அந்தப் பிடிஎஃப்பைப் படித்திருந்தாள். நல்ல நாவல்தான், ஆனால் பாதிக்கு மேல் அப்பாவை எழுத்தாளரே மறந்துவிட்டார் என்று இணையத்தில் ஒரு பதிவும் எழுதியிருந்தாள். பலர் அதை ஆமோதித்திருந்தார்கள். பக்க எண் தாவியதை யாருமே கவனிக்கவில்லை. பணம் போனதைவிட இதுதான் எனக்கு வலித்தது. திருட்டுக் கோப்பில் படிப்பது வேகமாக விரலால் தள்ளிக்கொண்டு போகிற படிப்பு. இரண்டு பக்கம் காணாமல் போனாலும் தெரியாத படிப்பு.

பதிப்புரிமைச் சட்டம் 1957-இலேயே இருக்கிறது. தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 வருஷம்வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம்வரை அபராதம் என்று அதன் 63-ஆம் பிரிவு சொல்கிறது. இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. பகிர்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் புத்தகத்தின் மேல் உள்ள ஆசையில்தான் பகிர்கிறார்கள்.

கணக்குப் போட்ட அன்றே அந்தத் தம்பி ஒரு கேள்வி கேட்டார். அவர் தருமபுரிப் பக்கம். "எங்க ஊர்ல புத்தகக் கடையே கிடையாதுக்கா. பிடிஎஃப் இல்லேன்னா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்." அதற்கு நான் சட்டென்று பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அவர் சொல்வது உண்மை. எங்கள் புத்தகங்கள் அவர் ஊருக்குப் போய்ச் சேராதது எங்கள் குறையும்தான்.

ஆனால் இலவசமாக, நேர்மையாகப் படிக்க வழி நிறைய இருக்கிறது. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு ஆகிவிட்டால் அந்த எழுத்து எல்லோருக்கும் பொது. அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்துகளும் அப்படித்தான். பாரதியின் எழுத்துகள் 1949-இலும் கல்கியின் எழுத்துகள் 1999-இலும் நாட்டுடைமை ஆயின. 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து இக்கால எழுத்துவரை மின்வடிவில் கிடைக்கின்றன. இவற்றை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். புதுப் புத்தகங்களுக்கு நூலகம் இருக்கிறது. சுதந்திர இந்தியாவில் பொது நூலகச் சட்டம் முதலில் வந்தது நம் மாநிலத்தில்தான், 1948-இல். நம் வீட்டுச் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது. நாம் கட்டிய பணம் அது. பக்கத்துக் கிளை நூலகத்தில் நீங்கள் தேடும் புத்தகம் இல்லையென்றால், வேண்டும் என்று நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். ஒரு புத்தகத்தை நாலு நண்பர்கள் காசு சேர்த்து வாங்கி மாற்றி மாற்றிப் படித்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். தம்பி தன் கைப்பேசியில் இருந்ததில் எவை எல்லோருக்கும் பொதுவானவை, எவை இல்லை என்று ஒரு வாரம் உட்கார்ந்து பிரித்தார். நான் சொல்லவில்லை, அவராகவே செய்தார்.

மார்ச்சில் பயிற்சி முடிகிற வாரம் அந்த மாணவி தன் தோழியை அலுவலகத்துக்குக் கூட்டி வந்தாள். கிடங்கில் கட்டுப் பிரிக்காத படிகள் இன்னும் இருந்தன. ஒன்றை எடுத்து 112-ஆம் பக்கத்தைப் பிரித்துத் தோழி கையில் கொடுத்தாள். அந்தப் பெண் அலமாரியில் சாய்ந்து நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தாள். அப்புறம் ஒன்றும் பேசாமல் ஒரு புத்தகக் கட்டின் மேல் உட்கார்ந்து, முதல் பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டு போய், அங்கிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தாள்.