மார்கழி விடியற்காலையில் நாம் சுவாசிப்பது என்ன?

ஒவ்வொரு மார்கழியிலும் என் வாட்ஸாப்புக்கு ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். மார்கழி அதிகாலையில் ஓசோன் காற்று தரைக்கு இறங்கி வருகிறது, அதனால்தான் முன்னோர்கள் அந்த நேரத்தில் எழுந்து கோலம் போடவும் பஜனை பாடவும் சொன்னார்கள், அந்தக் காற்று உடம்புக்கு அவ்வளவு நல்லது என்று. அதை அனுப்புகிறவர்களில் என் அப்பாவும் ஒருவர். எழுபதைத் தாண்டியவர், வேளச்சேரியில் இருக்கிறார், ஐந்து மணிக்கெல்லாம் நடைப்பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது இருமலும் கூடவே வரும். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்பார்.

பழியைப் பனியின் மேல் போட வேண்டாம் என்பதுதான் நான் அவரிடம் பல நாள் சொல்ல நினைத்தது. சென்னை மாதிரி ஒரு பெரிய நகரத்தில் காற்று மிக மோசமாக இருக்கும் வேளைகளில் மார்கழி விடியற்காலையும் ஒன்று. அப்பா வளர்ந்த கிராமத்தில் அது நிஜமாகவே நல்ல காற்றாக இருந்திருக்கும். நகரத்தில் அதே குளிரும் அதே அமைதியும் வேறு வேலையைச் செய்கின்றன.

பகலில் வெயில் தரையைச் சூடாக்குகிறது. தரை தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று லேசாகி மேலே ஏறும், மேலே இருக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு இறங்கும். உலையில் அரிசி கொதிக்கும்போது மேலும் கீழுமாகப் புரளுமே, அப்படித்தான் நம் தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டர் உயரம் வரைகூடக் காற்று புரண்டுகொண்டிருக்கும். வண்டிகளும் ஆலைகளும் விடும் புகை இந்தப் புரளலில் மாட்டிக்கொண்டு அவ்வளவு பெரிய இடத்தில் பரவிக் கரைந்துவிடுகிறது.

இரவில் நடப்பது இதற்கு நேர் எதிர். மழை ஓய்ந்து மேகமில்லாமல் வானம் தெளிந்திருக்கும் மார்கழி இரவில், தரை தன் சூட்டை வேகமாக வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகும். அதை ஒட்டிய காற்றும் குளிரும். வழக்கமாக மேலே போகப் போகத்தானே குளிர வேண்டும்? இப்போது கீழே குளிர்ச்சி, அதற்கு மேலே வெதுவெதுப்பு. வானிலை ஆய்வாளர்கள் இதை வெப்பநிலைத் தலைகீழ் என்கிறார்கள். குளிர்ந்த காற்று கனமானது, அது மேலே ஏறாது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான அடுக்கு பானை மேல் வைத்த மூடி மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. அந்த மூடி சில நாட்களில் நூறு இருநூறு மீட்டர் உயரத்துக்கே இறங்கிவிடும்.

கணக்கு எளிதுதான். கூரை ஆயிரம் மீட்டரிலிருந்து நூறு மீட்டருக்கு இறங்கினால், ஒரு துளி புகை கூடாமலேயே காற்றிலிருக்கும் அழுக்கு பத்து மடங்கு அடர்த்தியாகிவிடும். இதைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். விடியற்காலையில் டீக்கடை அடுப்புப் புகையைக் கவனியுங்கள். கொஞ்ச தூரம் ஏறி, அப்புறம் மேலே போக வழியில்லாமல் வேட்டியை விரித்துப் போட்டது போலப் படுத்துக்கொள்ளும். ஒன்பது ஒன்பதரை மணிக்குத் தரை சூடானதும் அதே புகை நேராக மேலே போகும். மூடி திறந்துவிட்டது என்று பொருள்.

இந்தத் தாழ்ந்த கூரைக்குள் என்னென்ன அடைபடுகின்றன? இரவெல்லாம் ஓடிய சரக்கு லாரிகளின், தண்ணீர் லாரிகளின் டீசல் புகை. வடசென்னைப் பக்கம் அனல் மின் நிலையங்களும் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் விடுபவை. காலையில் தெருவோரம் கூட்டிப் பற்றவைக்கும் குப்பை. சாலைப் புழுதி. இவை நேரடியாக வருபவை. இன்னொரு வகை, காற்றிலேயே பிறப்பது. நிலக்கரியிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடும் வண்டிப் புகையிலிருந்து வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும், சாக்கடையிலிருந்தும் குப்பையிலிருந்தும் வரும் அம்மோனியாவோடு சேர்ந்து மிக நுண்ணிய உப்புத் துகள்களாக மாறிவிடுகின்றன. புகைபோக்கியிலிருந்து வெளியேறும்போது வாயுவாக இருந்தது, நம் மூக்குக்கு வரும்போது துகளாகிவிடுகிறது.

சென்னைக்கு ஒரு பெரிய கொடுப்பினை உண்டு, கடல். பகலில் நிலம் கடலைவிடச் சூடாவதால் கடற்காற்று உள்ளே வரும், தேங்கியதைத் தள்ளிவிடும். டெல்லிக்கு இந்த வசதி கிடையாது, அது கடலை விட்டு வெகுதொலைவில், இமயமலைக்குத் தெற்கே கிடக்கும் சமவெளியில் இருக்கிறது. அதனால்தான் அங்கே மூடி போட்டால் நாட்கணக்கில் திறப்பதில்லை. ஆனால் கடலை நம்பி நாம் முழுசாக நிம்மதியடைய முடியாது. இரவில் நிலம் குளிர்ந்ததும் காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்கு மெதுவாக நகரும். அது தள்ளிக்கொண்டுபோன அழுக்கில் ஒரு பகுதி மறுநாள் கடற்காற்றோடு திரும்பி வரும். கடற்கரை நகரங்கள் பலவற்றில் இந்தப் போக்குவரத்து நடக்கிறது.

போகியன்று இவை எல்லாமே ஒன்றுசேர்கின்றன. மார்கழியின் கடைசி நாள், குளிர், காற்றின் அசைவில்லாத இருட்டு, மூடி மிகத் தாழ்ந்திருக்கும் நேரம். சரியாக அந்த நேரம் பார்த்து ஊரே தீ மூட்டுகிறது. பழைய கோரைப் பாயும் தட்டுமுட்டு மரமும் எரிந்த காலம் போய், பிளாஸ்டிக்கும் டயரும் ரப்பர் செருப்பும் எரிகின்றன. ஈரக்காற்றில் புகைத் துகள்களின் மேல் நீர் படிந்து அவை இன்னும் பருத்துவிடும், கண்ணை மறைத்துவிடும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. இதே நெருப்பைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மூட்டியிருந்தால் புகையில் பெரும்பகுதி மேலே போய்க் கலைந்திருக்கும். பண்டிகையின் மேல் எனக்குக் குறையே இல்லை. மேளம் கொட்டிக்கொண்டு தெருவில் ஓடிய பிள்ளைகளில் நானும் ஒருவன். ஆனால் அந்தப் புகையில் நின்றபடி மூச்சு வாங்கிய பக்கத்து வீட்டுப் பாட்டியும் நினைவுக்கு வருகிறார்.

மூடி பல நாள் திறக்காமலே இருந்தால் என்ன ஆகும் என்பதை லண்டன் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை பார்த்தது. குளிர் கடுமையாக இருந்ததால் வீட்டுக்கு வீடு நிலக்கரி எரித்தார்கள். நகரத்தின் மேல் தலைகீழ் அடுக்கு ஐந்து நாள் அசையாமல் நின்றது. காற்றும் இல்லை. எதிரே வரும் ஆள் தெரியவில்லை, பேருந்துகள் நின்றன, அரங்கத்துக்குள்ளேயே புகை புகுந்து மேடை தெரியாமல் இசை நாடகம் ஒன்றைப் பாதியில் நிறுத்தினார்கள். என்னை அதிகம் உலுக்குவது இதுவல்ல. கூட்டம் கூட்டமாக மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், அது அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. பலரும் அவரவர் படுக்கையில், பழைய நெஞ்சு நோயோடு போனார்கள். சவப்பெட்டியும் மலர்வளையமும் தட்டுப்பாடான பிறகுதான் ஊருக்கு உறைத்தது. அரசு கணக்குப்படி சுமார் 4000 பேர். அடுத்த சில மாதங்களில் தொடர்ந்த இறப்புகளுக்கு ஃப்ளூ காய்ச்சலைக் காரணம் சொன்னார்கள். பிற்கால ஆய்வுகள் அவற்றையும் சேர்த்துப் பார்த்து மொத்தம் 12,000 வரை இருக்கும் என்று கணக்கிட்டன. 1956-இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது.

இனி ஓசோன் விஷயத்துக்கு வருகிறேன். நம்மைப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் ஓசோன் படலம் தரையிலிருந்து 15 கிலோமீட்டருக்கும் மேலே இருக்கிறது. மார்கழிக்காக அது இறங்கி வருவதில்லை. தரை மட்டத்தில் கிடைக்கும் ஓசோன் வேறு வழியில் உண்டாகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண் எரியும் பழுப்புப் புகை ஏன் சூழ்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் விடை கண்டுபிடித்தார். அதற்கு முன்பு அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். வண்டிகள் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரியாத பெட்ரோல் ஆவியும் வெயிலில் வெந்து ஓசோனாகின்றன என்று காட்டினார். வெயில் வேண்டும் என்பதால் அது பிற்பகலில்தான் உச்சத்துக்குப் போகும், விடியற்காலையில் மிகக் குறைவாக இருக்கும். அது உடம்புக்கு நல்லதும் அல்ல. மூச்சுக்குழாயின் உட்சுவரை அரிக்கும், ஆஸ்துமாவைத் தூண்டும். ஆக அப்பாவுக்கு வந்த செய்தியில் நேரமும் தவறு, பலனும் தவறு.

விடியற்காலையில் நிறைந்திருப்பது துகள்கள். 2.5 மைக்ரானுக்குக் குறைவான நுண்துகளை பி.எம். 2.5 என்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. பெரிய தூசி மூக்கு முடியிலும் தொண்டைச் சளியிலும் ஒட்டிக்கொள்ளும், தும்மினால் போய்விடும். நுண்துகள் காற்றோடு காற்றாக வளைந்து நெளிந்து நுரையீரலின் கடைசி அறைவரை போய்விடுகிறது. அந்தச் சின்னஞ்சிறு அறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, அவற்றின் சுவர் இரத்தத்துக்கு ஆக்சிஜன் கடக்கும் அளவுக்கு மெல்லியது. அங்கே சளி கிடையாது. காவலுக்கு இருப்பவை விழுங்கணுக்கள் என்ற உயிரணுக்கள். அவை துகளை விழுங்கிச் செரிக்கப் பார்க்கும். கரியையும் உலோகத்தையும் எப்படிச் செரிப்பது? முடியாமல் அபாயச் சங்கு ஊதும் வேதிப்பொருட்களை வெளியே விடும். அதனால் உண்டாகும் அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை, இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகும். இன்னும் சிறிய துகள்கள் தாங்களே சுவரைக் கடக்கின்றன. 2019-இல் பெல்ஜியம் ஆய்வாளர்கள் தாய்மார்களின் நஞ்சுக்கொடியில், குழந்தையின் பக்கத்திலேயே கரித்துகள்களைப் பார்த்தார்கள்.

அழுக்குக் காற்று என்றதும் நாம் இருமலை நினைக்கிறோம். ஆனால் அது அதிக உயிர்களை எடுப்பது மாரடைப்பாகவும் பக்கவாதமாகவும்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்காகச் சீன அரசு ஆலைகளை மூடி, வண்டிகளைப் பாதியாகக் குறைத்தது. அந்தச் சமயத்தில் நோயில்லாத இளம் மருத்துவர்கள் 125 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். காற்று சுத்தமானபோது இரத்தம் உறைவதோடு தொடர்புடைய சில பொருட்களின் அளவு குறைந்தது, போட்டி முடிந்து புகை திரும்பியதும் மறுபடி ஏறியது. சில வாரங்களில், ஆரோக்கியமான உடம்பிலேயே இந்த மாற்றம். ஏற்கெனவே இதயக் குழாயில் அடைப்பு இருக்கும் ஒருவருக்கு இரத்தம் கொஞ்சம் எளிதாக உறைந்தாலே போதும். மருத்துவமனைச் சீட்டில் மாரடைப்பு என்று எழுதுவார்கள். காற்றின் பெயர் அதில் வராது.

போனில் தெரியும் காற்றுத் தர எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டு முறையில் நுண்துகளுக்கான எண் 24 மணி நேரச் சராசரி. காலை ஆறு மணிக்கு நீங்கள் பார்க்கும் எண்ணுக்குள் நேற்றுப் பிற்பகலின் கடற்காற்றும் கலந்திருக்கிறது, அந்த நிமிடம் நீங்கள் இழுக்கும் மூச்சை அது காட்டாது. அப்புறம், அதில் 'திருப்திகரம்' என்று வரும் பட்டை, நுண்துகள் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருக்கும்வரை செல்லும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஒரு நாளுக்கு வைத்த வரம்பு 15. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் ஆலந்தூர், மணலி, வேளச்சேரி போன்ற நிலையங்களின் மணிவாரி அளவைப் பார்க்கலாம். நான் அதைத்தான் பார்க்கிறேன்.

உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறோம். வேகமாக நடந்தால் அது மூன்று நான்கு மடங்காகும். மூச்சு வாங்கி வாயைத் திறந்துவிட்டால் மூக்கு செய்யும் வடிகட்டலும் போய்விடும். ஆகவே நடை வேண்டாம் என்பதல்ல, மூடி திறந்த பிறகு நடப்பது நல்லது. மார்கழி, தை மாதங்களில் காலை ஒன்பதுக்கு மேல், அல்லது சாயங்காலம் காற்று வீசும்போது, பெரிய சாலையை விட்டு இரண்டு தெரு தள்ளி. போகியன்று ஆஸ்துமாக்காரர்களும் இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் என்95 முகக்கவசம், முகத்தோடு இறுக்கமாக. துணியை மடித்துக் கட்டிக்கொள்வதால் நுண்துகள் நிற்காது.

ஆனால் தெரு கூட்டுகிறவர் காலை ஒன்பது மணிக்கு வேலையை மாற்றிக்கொள்ள முடியுமா? அனல் மின் நிலையங்களுக்குப் பக்கத்தில் எண்ணூரில் பிறந்த குழந்தை எந்த நேரம் பார்த்து மூச்சு விடும்? நேரம் பார்த்து நடப்பது என் அப்பா மாதிரி வசதி உள்ளவர்களுக்குத்தான் உதவும். மற்றவர்களுக்குப் புகையே குறைந்தாக வேண்டும். குறைக்க முடியும் என்பதற்கு ஹாகன்-ஸ்மிட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் இருக்கும் அதே தெற்குக் கலிஃபோர்னியா சாட்சி. அங்கே 1990-களில் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளின் நுரையீரல் திறனைத் தொகுதி தொகுதியாக அளந்து வந்தார்கள். வண்டிகளுக்கும் எரிபொருளுக்கும் ஆலைகளுக்கும் விதிகள் இறுக இறுகக் காற்றில் நுண்துகளும் நைட்ரஜன் டை ஆக்சைடும் குறைந்தன. முதல் தொகுதிப் பிள்ளைகளில் 15 வயதில் நுரையீரல் திறன் மிகக் குறைந்திருந்தவர்கள் ஏறக்குறைய 8 சதவீதம். அதே ஊர்களில் 2011 வரை அளக்கப்பட்ட பிள்ளைகளில் அது 4 சதவீதத்துக்கும் கீழே வந்திருந்தது. ஆஸ்துமா இருந்த பிள்ளைகளின் நுரையீரலும் முன்பைவிட நன்றாக வளர்ந்திருந்தது.