துண்டு எடுத்தும் ஏன் இரண்டு மணித்தியாலம்?

“இலக்கத் துண்டு எடுத்தும் இரண்டு மணித்தியாலம் குந்தியிருக்க வேண்டியிருக்கு. டொக்டர் மெதுவாகப் பார்க்கிறாரா?” என்று உரும்பிராயிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்.

பெரும்பாலும் இல்லை. ஒருவரைப் பார்க்கச் சராசரி 6 நிமிடம் என்றால் மணிக்கு 10 பேர். சனம் தன்பாட்டில் மணிக்கு 8 பேர் வந்தால் சராசரிக் காத்திருப்பு 24 நிமிடம். 9 பேர் வந்தால் 54. ஒன்பதரை ஆனால் 114! அரை ஆள் கூடியதற்கு ஒரு மணித்தியாலம். (நீண்டநேரச் சராசரி இது, பின்னேரக் கிளினிக்கில் அவ்வளவுக்கு ஏறுமுன்பே கதவு சாத்திவிடுவார்கள்.)

ஏன் இப்படி? டொக்டர் சும்மா இருந்த 6 நிமிடத்தை எடுத்துவைத்து நெரிசலில் செலவழிக்க முடியாது. பிந்திய 6 நிமிடமோ பின்னால் இருக்கும் அத்தனை பேர் தலையிலும் விழும். நட்டம் சேரும், லாபம் சேராது. கோப்பன்ஹேகன் தொலைபேசி இணைப்புகளுக்காக டென்மார்க் கணித அறிஞர் எர்லாங் 1909இல் தொடங்கிய வரிசைக் கணக்கு, கிளினிக் வாங்கிலும் அப்படியே பலிக்கிறது.

சனம் கும்பலாக வந்தால் இன்னும் மோசம். வேலணை பஸ் ஒன்று வந்தாலே பத்துப் பேர் இறங்குவார்கள். ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம் என்று வீட்டில் இருந்துவிட்டு ஆறே காலுக்கு எல்லோரும் வந்தால், காய்ச்சலை வளர்ப்பது ராகு அல்ல, வரிசைதான்.

“எங்கட சனம் நேரத்துக்கு வராது” என்று கைவிரிக்கும் கிளினிக்குகளுக்குக் உளவியலாளர் கரோல் டுவெக்கின் ‘வளர் மனப்பாங்கு’, அதாவது முயன்றால் திறமை வளரும் என்ற எண்ணம், பொருந்தும். ஆனால் சுவரில் வாசகம் ஒட்டினால் போதாது. பள்ளிகளில் நடந்த பெரிய ஆய்வுகளிலேயே அதன் பலன் சிறிதுதான். அளக்க வேண்டும். துண்டின் பின்பக்கத்தில் வந்த நேரம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் மூன்றையும் எழுதுங்கள். இரண்டு கிழமை எதையும் மாற்றாதீர்கள். பிறகு ஒன்றே ஒன்றை மாற்றி இன்னும் இரண்டு கிழமை. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முதலில் துண்டில் இலக்கத்தோடு நேரத்தையும் போடுங்கள். நேரப்படி வந்தால் அதே கூட்டத்துக்குக் காத்திருப்பு ஏறக்குறையப் பாதி. அடுத்து, ஐந்து இலக்கத்துக்கு ஒரு இடத்தை வெறுமையாக விடுங்கள். வருமானம் போகிறதென்று முதலாளி முகம் சுளிப்பார். காயத்துக்கு மருந்து கட்ட வருபவரும் மூச்சிழுப்பு வந்த குழந்தையும் அந்த இடத்தில்தான் நுழைவார்கள். பிறசர் மருந்து தொடர்ந்து எடுப்பவர்களுக்குத் தாதி முன்பே அளந்து கொப்பியில் எழுதிவைத்தால் உள்ளே 3 நிமிடம் போதும்.

ஒன்றை மட்டும் துண்டால் திருத்த முடியாது. மணிக்கு 9 பேர் வரும் கிளினிக்குக்கு டொக்டர் 4 மணிக்குப் பதில் நாலரைக்கு வந்தால், நாலரைப் பேர் சேர்ந்திருப்பார்கள். மணிக்கு 10 பேரைப் பார்த்தாலும் 9 பேர் புதிதாக வருவதால், மணிக்கு ஒருவர் வீதம்தான் அந்தப் பாக்கி கரையும். தீரும்போது இரவு 9 மணி.