ஒரு போல்ட்டின் கரிக் கணக்கு

ஜெர்மனிக்கு ஒரு பெட்டி போல்ட், நட் ஏற்றுமதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். இத்தனை நாளும் விலை, எடை, தரம் கேட்டவர்கள் இப்போது இன்னொன்றும் கேட்கிறார்கள்: இதற்கான எஃகைச் செய்தபோது எவ்வளவு கரியமில வாயு வெளியேறியது? ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி கேட்கும் கேள்வி இது. 2023 அக்டோபரில் வெறும் கணக்குக் காட்டும் கட்டமாகத் தொடங்கியது, 2026 ஜனவரி 1 முதல் பணம் கட்ட வேண்டிய கட்டத்துக்கு வந்துவிட்டது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை இதில் அடங்கும்.

இரும்புக்கு ஏன் இவ்வளவு கரி? உலையைச் சூடாக்கத்தான் என்று பலரும் நினைக்கிறோம். அது பாதிதான் உண்மை. இரும்புத்தாது என்பது இரும்பும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்த கல். ஊதுலைக்குள், நிலக்கரியிலிருந்து செய்த கோக் எரிந்து கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. அந்த வாயு தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கரியமில வாயுவாக வெளியேற, இரும்பு மிஞ்சுகிறது. ஆக, கரிதான் அங்கே விறகு, பிரித்தெடுக்கும் வேலையாளும் அதுவே. இந்த வழியில் ஒரு டன் எஃகுக்கு 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு வருகிறது. பழைய இரும்பை மின்உலையில் உருக்கினால் அதில் சிறு பகுதிதான். ஹைட்ரஜனைக் கொண்டும் ஆக்சிஜனைப் பறிக்கலாம். அப்போது வெளியே வருவது நீராவி. ஆனால் தூய ஹைட்ரஜனின் விலை இன்னும் எட்டாத உயரத்தில் இருக்கிறது.

ஐரோப்பாவில் 2005 முதல், வெளியேற்றும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆலைகள் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமத்தின் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. ஆலைகள் வெளிநாட்டுக்குப் பெயர்ந்துவிடுமோ என்ற அச்சத்தில் எஃகு, சிமெண்ட் ஆலைகளுக்குப் பெரும்பகுதியை இலவசமாகவே தந்தார்கள். அந்த இலவசம் படிப்படியாகக் குறைந்து 2034இல் நிற்கும். அது குறையக் குறைய இறக்குமதி மீதான சுமை ஏறும். சட்டப்படி கட்டுபவர் ஐரோப்பிய இறக்குமதியாளர்தான். விலை பேசும்போது அவர் அதை யார் தலையில் கட்டுவார் என்பது ஏற்றுமதி செய்பவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சட்டத்தின் உயிர்நாடி ஒரு வரிக்கழிவு விதி. பொருள் உற்பத்தியான நாட்டிலேயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தால், அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ளலாம். 'நீ வசூலிக்காவிட்டால் நான் வசூலிப்பேன்' என்பதே இதன் பொருள். இந்தியா 2023இல் அறிவித்த கார்பன் சந்தைத் திட்டத்தின் முக்கியத்துவம் இங்கேதான் கூடுகிறது. நம் ஆலை கட்டும் பணம் ஐரோப்பாவுக்குப் போகாமல் நம் நாட்டிலேயே தங்க இது ஒரு வழி.

கணக்கு சரி, நியாயம்தான் எனக்கு உறுத்துகிறது. பொறுப்பு எல்லா நாடுகளுக்கும் பொது, ஆனால் சமமல்ல என்று 1992இல் ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். தொழிற்புரட்சி தொட்டு நிலக்கரியும் எண்ணெயும் எரித்துச் சேர்ந்த கரியமில வாயுவில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 3 சதவீதம். ஐரோப்பாவின் பங்கு அதைப் போலப் பல மடங்கு. எல்லையில் வைத்த தராசோ இன்றைய டன்னை மட்டும் நிறுக்கிறது. வசூலாகும் பணமும் ஐரோப்பாவிலேயே தங்கிவிடுகிறது. உலையை மாற்ற முதலீடு இல்லாமல் நிற்கும் நாடுகளுக்கு அதைத் திருப்பித் தந்திருந்தால் இந்த வரியை நான் முழுமனதாக வரவேற்றிருப்பேன்.

அந்த போல்ட் பெட்டிக்கு வருவோம். பெரிய எஃகு ஆலையில் அளவுக் கருவிகளும் தணிக்கையாளர்களும் உண்டு. கம்பியை வாங்கி, நான்கு இயந்திரம் வைத்து மரை போடும் சிறு பட்டறைக்கு அந்த எஃகின் வரலாறு தெரியாது. ஆலையிலிருந்து தாள் வராவிட்டால், ஐரோப்பா வகுத்த இயல்பு மதிப்பில் கணக்கிடுவார்கள். அளந்து காட்டுவதை ஊக்குவிக்க, அந்த மதிப்பை வேண்டுமென்றே சற்றுக் கூட்டி வைத்திருக்கிறார்கள். பட்டறைக்காரர் வாங்கிய கம்பி மின்உலையில் உருக்கியதாகவே இருந்தாலும், கையில் சான்று இல்லையென்றால் அவருடைய போல்ட்டும் கரி மிகுந்த போல்ட்தான்.