ஜீப் தடமும் அணையாத கங்கும்: காப்புக்காட்டுச் சரிவில் நடப்பது என்ன?

"ஒரே ஒரு வண்டி, ஒரே ஒருமுறை ஏறி இறங்கினால் காடு அழிந்துவிடுமா?" வேலூர் மாவட்டத்தில் அமிர்தி, ஒடுகத்தூர், பேரணாம்பட்டுப் பக்கம் உள்ள காப்புக்காடுகளுக்கு (சட்டப்படி அரசு காக்கும் காடுகள்) வார இறுதியில் ஃபோர் வீல் டிரைவ் வண்டியோடு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. டயர் அழுத்தியதால் மட்டும் காடு அழிவதில்லை. மண் எவ்வளவு ஈரமாக இருந்தபோது வண்டி போனது, தடம் சரிவின் எந்தத் திசையில் விழுந்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் அழுத்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். காற்றடைத்த டயர் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்பது ஏறக்குறைய அதனுள் இருக்கும் காற்றழுத்தத்துக்குச் சமம். 30 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. ஆளும் சாமானுமாக 2 டன் வரும் வண்டியில் ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ. அதைத் தாங்கும் இடம் சுமார் 240 சதுர சென்டிமீட்டர், விரித்த கையைவிடக் கொஞ்சம் பெரிது. 70 கிலோ ஆள் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் 0.2 கிலோதான் வரும். நடக்கும்போது அதைப்போல் இரு மடங்கு. ஆனால் மாட்டுக் குளம்பு சிறியது, மாடோ கனமானது. அங்கே 1.5 கிலோ வரை வந்துவிடும். எனவே "மாடு மேயலாம், ஜீப் வரக்கூடாதா?" என்று ஒருவர் மடக்கினால் அழுத்தத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது.

வித்தியாசம் தடத்தின் உருவத்தில் இருக்கிறது. குளம்படிகள் தனித்தனிக் குழிகள். மழை பெய்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கை நீர் தேங்கி அங்கேயே ஊறும். டயர் போடுவது எங்கும் அறுபடாத கோடு. நீர் தேங்க இடமில்லை, ஓடத்தான் வழி. (மந்தை நாள்தோறும் ஒரே வழியில் இறங்கினால் அதுவும் வாய்க்கால்தான். மேய்ச்சலுக்கு நற்சான்று கொடுப்பது இங்கே நோக்கமில்லை.)

இனி மண்ணுக்குள். நல்ல காட்டு மேல்மண்ணில் கனஅளவில் பாதிக்கு மேல் வெற்றிடம்தான். மண்புழு, கரையான், மக்கிப்போன வேர் விட்டுச்சென்ற பெரிய துளைகள் மழைநீரைச் சட்டென்று உள்ளே இழுக்கின்றன. சிறு துளைகள் அதைப் பிடித்துவைக்கின்றன. அழுத்தத்தில் முதலில் மூடிக்கொள்வது பெரிய துளைகள். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.2 அல்லது 1.3 கிராம் இருந்த செம்மண் 1.6, 1.7 கிராமுக்கு இறுகிவிட்டால் இளம் வேர்முனையால் துளைத்துப் போக முடியாது. மணிக்கு 50 மி.மீ. மழையையும் குடித்துவிடும் மண், இறுகிய பிறகு மணிக்குச் சில மில்லிமீட்டர் குடிப்பதற்கே திணறும்.

ஈரம் இந்த வேலையை எளிதாக்குகிறது. ரோடு போடுகிறவர்கள் கிராவல் கொட்டியதும் டேங்கரில் தண்ணீர் அடித்துவிட்டுத்தான் ரோலரை விடுவார்கள். துகள்களுக்கு நடுவே ஓரளவு நீர் இருந்தால் அவை வழுக்கி நெருங்கி உட்காரும். காய்ந்த மண் தன் உராய்வாலேயே எதிர்த்து நிற்கும். ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இடிமழை கொட்டிய மறுநாள் காலை ஜவ்வாது மலையடிவாரச் செம்மண் இருப்பது, ரோலர் ஓட்டுகிறவர் கேட்கும் அதே பக்குவத்தில்தான். சோதிப்பது சுலபம். ஒரு பிடி மண்ணை எடுத்துச் சரளையைப் பொறுக்கிவிட்டு, உள்ளங்கையில் வைத்துத் திரியாக உருட்டுங்கள். உடையாமல் 3 மி.மீ. தடிமன் வரை திரி வந்தால் மண் இளகிய நிலையில் இருக்கிறது. அனுமதியுள்ள மண்பாதையில்கூட அன்று வண்டி இறங்கக் கூடாது. அதற்கு முன்பே பொடிந்து உதிர்ந்தால் ஓரளவு தாங்கும்.

"ஒரே ஒருமுறை" என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. ஈரமண்ணில் மொத்த இறுக்கத்தின் பெரும்பங்கு முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடுகிறது. பின்னால் வரும் வண்டிகள் கூட்டுவது கொஞ்சம் கொஞ்சம்தான். டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் பாதிப்பு இருக்காது என்பதும் பாதி உண்மை. தொடும் பரப்பு கூடும், மேல்மண் அழுத்தம் குறையும், சக்கரம் வழுக்கிச் சுற்றுவதும் குறையும். ஆனால் இறுக்கம் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை முடிவு செய்வது அச்சின் மேலுள்ள மொத்த எடை. அது காற்றை இறக்கினால் மாறாது.

கரிசல் பூமியாக இருந்தால் கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழையில் உப்பி, சில ஆண்டுகளில் தானே ஓரளவு இளகிவிடும். வேலூர் மலைகளின் செம்மண்ணில் உள்ள களிமண் வகை பெரும்பாலும் கயோலினைட். அது நீர் குடித்து உப்புவதும் இல்லை, காய்ந்து பிளப்பதும் இல்லை. குளிர்நாடுகளைப் போல மண்ணுக்குள் பனி உறைந்து நெகிழ்த்திவிடும் வாய்ப்பும் கிடையாது. வேரும் கரையானும்தான் இளக்க வேண்டும், அவற்றையும் இறுக்கம் உள்ளே விடாது. ஓட்டுகிறவர்கள் அதிகம் கவனிக்காத விஷயம் இது: இந்த மண்ணில் விழுந்த தடம் அடுத்த மழையில் ஆறிவிடாது. பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும்.

பிறகு நீரின் வேலை. 30 செ.மீ. அகலத் தடங்கள் இரண்டு, சரிவில் நேர் கீழாக 100 மீட்டர் இறங்குகின்றன என்று வையுங்கள். மொத்தப் பரப்பு 60 சதுர மீட்டர். மணிக்கு 50 மி.மீ. மழையில் 5 மி.மீ. ஊறியதுபோக, தடத்தின் மேல் நேராக விழுந்த நீர் மட்டுமே ஒரு மணி நேரத்தில் 2,700 லிட்டர். பக்கத்துச் சரிவிலிருந்து வழிந்து வந்து சேர்வது தனி. பரந்து மெதுவாக வழிந்தபோது சருகைக்கூட நகர்த்தாத நீர், குறுகிய தடத்தில் சேர்ந்ததும் ஆழமும் வேகமும் கூடிவிடுகிறது. ஓடும் நீர் புரட்டக்கூடிய கல்லின் எடை வேகத்தின் ஆறாம் அடுக்கில் உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் 64 மடங்கு எடையுள்ள கல் உருளும். நேற்று மணலை அள்ளிய தடம் இன்று சரளையை அள்ளுவது இதனால்தான்.

அரிப்பு கீழ்நோக்கித்தான் போகும் என்று தோன்றும். உண்மையில் இப்படித் தடத்தில் உண்டாகும் ஓடையின் தலை மேல்நோக்கி நகர்கிறது. தடத்தில் எங்கோ ஒரு கல்லுக்குக் கீழே அரையடிப் படி உண்டாகும். நீர் அதன் மேலிருந்து விழுந்து அடிமண்ணைக் குடையும். மேலே தொங்கும் மண் இடிந்து விழும். படி ஓர் அடி பின்னுக்குப் போகும். ஒவ்வொரு மழைக்கும் இது தொடரும். வண்டி திரும்பிய இடத்தைத் தாண்டி, வண்டியே போகாத சரிவுக்கும் ஓடை ஏறிவிடும். அடித்துவந்த மண் அடிவாரத்து ஏரியின் நீர்வரத்துக் கால்வாயில் படியும். சரிவில் ஊறிக் கிணறுகளுக்குப் போயிருக்க வேண்டிய நீர், கலங்கல் வெள்ளமாக ஒரு மாலையிலேயே கடந்துவிடும்.

சேறான இடத்தைச் சுற்றிக்கொண்டு போவது இன்னொரு கெட்ட பழக்கம். ஒருவர் சுற்றிய வழி அடுத்த மாதம் சேறாகும். அடுத்தவர் அதையும் சுற்றுவார். பத்தடிப் பாதை ஐம்பதடி அகலக் களமாகிவிடும். பாதையில் தண்ணீர் நின்றால் ஆழம் பார்த்துவிட்டு நடுவிலேயே போக வேண்டும், இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். சிக்கிய வண்டியை வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் கருவி) போட்டு இழுக்கும்போது இரும்புக் கயிற்றை நேராக மரத்தில் சுற்றவே கூடாது. பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசு சில மில்லிமீட்டர்தான். அது சுற்றிலும் அறுந்தால் மரம் நின்றபடியே பட்டுப்போகும். குறைந்தது 3 அங்குல அகலப் பட்டையை அடிமரத்தின் கீழ்ப்பகுதியில் போட வேண்டும்.

சந்தனம் இந்த மலைகளின் பெயர்பெற்ற மரம் என்பதால் அதற்கு ஒரு சொல். சந்தனக் கன்று பக்கத்துச் செடிகளின் வேரில் உறிஞ்சுவேரைச் செருகி நீரும் சத்தும் வாங்கி வளரும் பாதி ஒட்டுண்ணி. இந்த இணைப்புகள் மேல்மண்ணில்தான் அதிகம், சக்கரம் சுற்றிக் கிழிப்பதும் அதே மேல்மண்ணைத்தான். டயர் சேற்றில் ஒட்டிவரும் பார்த்தீனிய விதைகளுக்கோ அப்படிக் கிழிந்த வெற்றுமண் மிகவும் பிடிக்கும். ஒரு பார்த்தீனியச் செடியே 15,000 விதைகளுக்கு மேல் போடக்கூடியது. காட்டோரம் வருவதற்கு முன் ஊரிலேயே டயரையும் மட்கார்டையும் கழுவிவிடுவது உத்தமம்.

விழுந்துவிட்ட தடத்தைச் சீர்செய்ய வழி இருக்கிறது. வனத்துறையின் அனுமதியோடும் மேற்பார்வையிலும் செய்ய வேண்டிய வேலை இது. முதலில் தடத்தை 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குக் கடப்பாரையாலோ கொத்தாலோ இளக்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது செய்தால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து பயன்படாது. அடுத்து, தடத்துக்குக் குறுக்கே சுமார் 30 பாகை சாய்வாக, கல்லும் மண்ணும் கொண்டு ஓர் அடி உயரக் கரைகள். 10 சதவீதச் சரிவில் 25 மீட்டருக்கு ஒன்று, 20 சதவீதச் சரிவில் 14 மீட்டருக்கு ஒன்று. கரையின் தாழ்ந்த முனை புல்லும் புதரும் உள்ள பக்கம் திறந்திருக்க வேண்டும். அதை அடைத்துக் கட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. நீர் தேங்கி, கரையை உடைத்துக்கொண்டு, முன்னைவிட மோசமாகப் பாயும். ஏற்கெனவே ஓடையாகிவிட்ட இடத்தில் கல் அடுக்குத் தடுப்புகள் வேண்டும்: கீழ்த்தடுப்பின் உச்சி, மேல்தடுப்பின் அடிக்கு நேர்மட்டத்தில் இருந்தால் இடைவெளி சரி. தடுப்பின் நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் ஓரத்தை அரித்துச் சுற்றிக்கொண்டு போகும். கடைசியாக முள் கிளைகளைப் பரப்பினால் சருகும் விதையும் தங்கும், அடுத்த வண்டியும் வராது.

இரவு தங்குகிறவர்கள் மூட்டும் நெருப்பு இன்னொரு தனி அத்தியாயம். வேலூர்ப் பக்கத்து மலைகள் பெரும்பாலும் இலையுதிர் காடுகள். பிப்ரவரி முதல் மே வரை தரை முழுவதும் சருகும் காய்ந்த புல்லும்தான். அப்போது தீ பரவும் என்பது எல்லோருக்கும் தெரியும். பரவாத நெருப்பும் தன் அடியில் சேதம் செய்கிறது. 60 பாகை செல்சியஸில் வேர் சாகும். 175 முதல் 200 பாகைக்குள் சருகிலும் மக்கிலும் உள்ள மெழுகுப் பொருள்கள் ஆவியாகி, கீழே குளிர்ந்த மண்துகள்களின் மேல் படிகின்றன. அந்த அடுக்கு தண்ணீரை ஏற்காது. மறுநாள் சாம்பலை விலக்கி, ஓரிரு சென்டிமீட்டர் மண்ணைச் சுரண்டிவிட்டு ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். ஐந்து நொடிக்கு மேல் முத்தாக நின்றால் அந்த மண் நீரை விலக்குகிறது என்று பொருள். பாறை மேல் மூட்டினாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது: பாறையில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 573 பாகையில் படிக அமைப்பு மாறிச் சட்டென்று விரியும், பாறை செதில் செதிலாகப் பெயரும்.

அணைப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போவது, கரிமூட்டம் போடுகிறவர் வேண்டுமென்றே செய்யும் வேலை. காற்று குறையும்போது கங்கு அணைவதில்லை, மெதுவாகக் கனியும். அடியில் காய்ந்த வேர் இருந்தால் அது திரிபோல் புகைந்துகொண்டே போய், பல மணி நேரம் கழித்துச் சில அடி தள்ளிச் சருகில் தலைகாட்டும். சரியான முறை: ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, புரட்டி, மறுபடி ஊற்றி, புறங்கையை வைத்துப் பார்ப்பது. கை வைக்க முடியாத சூடு இருந்தால் அணையவில்லை. காப்புக்காட்டுக்குள் இந்த முறைகூட வேண்டாம், ஏனென்றால் நெருப்பே கூடாது.

நெருப்பு மூட்டாமலே தீ வைக்கவும் வண்டியால் முடியும். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் வெளிப்புறம் 300 பாகைக்கு மேல் போகும். 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ்.-6 (வண்டிப் புகைக்கான அரசு வரம்பு) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரித்துத் தள்ளும்போது அதன் உள்ளே 600 பாகை வரும். மெதுவாக ஏறி இறங்கும் மலை ஓட்டத்தில் அந்த வடிகட்டி சீக்கிரம் அடைத்து அடிக்கடி எரியும். முழங்கால் உயரக் காய்ந்த புல்லின் மேல் அப்படி ஒரு வண்டியை நிறுத்தினால் சில நிமிடம் போதும். ஓடும்போது அடித்தகட்டின் மேல் சேரும் புல்லும் அப்படியே. நிறுத்துவதற்கு வெற்றுத்தரை தேட வேண்டும். சிறிது தூரத்துக்கு ஒருமுறை குனிந்து அடியில் சிக்கிய புல்லை எடுக்க வேண்டும். ஒரு தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், டிக்கியில் சாமானுக்கு அடியில் அல்ல.

1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம், பிரிவு 21, காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதையும் தீ மூட்டுவதையும் குற்றமாக்குகிறது. எல்லை தெரியாது என்ற பதில் எடுபடாது. சந்தேகம் இருந்தால் அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போக வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் தீயில் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தனி விதிகளைத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் கொண்டுவந்தது.

சரிவில் தீ எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த மலைகளில் கோடையில் கால் வைக்கக் கூடாது. மேல்நோக்கிச் செல்லும் சுவாலை தனக்கு முன்னால் இருக்கும் புல்லை வெப்பத்தால் உலர்த்தித் தயாராக வைக்கிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். 30 பாகைச் சரிவில் சமதரையைவிட எட்டு மடங்கு. ஏறி ஓடும் மனிதன் இதில் தோற்பான். அதனால் மேலே ஓடாமல், தீயின் பக்கவாட்டில் விலகிக் கீழிறங்க வேண்டும். வெறும்பாறை, ஓடை மணல், ஏற்கெனவே எரிந்து கறுத்த இடம் ஆகியவற்றில் எது பக்கமோ அங்கே போக வேண்டும். நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும், பருத்தி அப்படி ஒட்டாது. செல்போன் சிக்னல் கிடைத்த முதல் இடத்திலேயே 101-க்குச் சொல்லிவிட வேண்டும். அப்போது மலையின் பெயரை மட்டும் சொல்லாமல் அருகிலுள்ள ஊர், தீ எந்தப் பக்கச் சரிவில், காற்று எந்தத் திசையில் என்பதையும் சேர்த்துச் சொன்னால் வருகிறவர்கள் எந்த வழியாக ஏறுவது என்று முடிவு செய்ய உதவும்.