ஒரு மருந்திடம் தப்பிய பாக்டீரியா இன்னொன்றிடம் ஏன் சிக்குகிறது?

ஒரு ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியா எல்லா மருந்துக்கும் அடங்காது என்று நினைப்பது சரியல்ல. தப்பித்த வழியைப் பொறுத்து, வேறொரு மருந்திடம் அது முன்னைவிட எளிதாக மாட்டிக்கொள்ளலாம். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவில் இதை 1952-லேயே சைபால்ஸ்கி, பிரைசன் என்ற ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள். காரணம் பிடிபடத்தான் வெகுகாலம் ஆனது.

ஜென்டாமைசினை எடுத்துக்கொள்வோம். அது செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமைத் தாக்கும் ஆன்டிபயாடிக். அங்கே போய்ச் சேர உள்சவ்வைத் தாண்டியாக வேண்டும். பாக்டீரியா புரோட்டான்களை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் சவ்வின் உட்பக்கம் எதிர்மின் தன்மை கொள்கிறது. நேர்மின் சுமையுள்ள ஜென்டாமைசினை உள்ளே இழுப்பது அந்த மின்னழுத்தம்தான். மரபணு மாற்றத்தால் அதைக் குறைத்துக்கொண்ட ஈ.கோலைக்குள் மருந்து சரியாக நுழைவதில்லை.

ஆனால் டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால் போன்றவற்றை வெளியேற்றும் ஏசிஆர்ஏபி-டோல்சி பம்ப் ஓடுவதும் அதே புரோட்டான் விசையில்தான். விசை குறைந்தால் பம்ப் திணறும். முன்பு தாங்கிய அளவே இப்போது கொல்லும்.

சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற இன்னொரு பாக்டீரியாவில் இதையே வைரஸைக் கொண்டு செய்யலாம். 2016-இல் யேல் பல்கலைக்கழகக் குழு விவரித்த ஓஎம்கேஓ1 என்ற ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்), அதன் மருந்து வெளியேற்றும் பம்பின் ஓபிஆர்எம் புரதத்தைப் பிடித்துத்தான் உள்ளே நுழைகிறது. ஃபேஜிடமிருந்து தப்பப் பம்பைக் கெடுத்துக்கொண்டால் ஆன்டிபயாடிக் கொல்லும்; பம்பைக் காப்பாற்றினால் ஃபேஜ் கொல்லும். அழகான பொறி!

இந்தப் பலவீனம் இருக்கிறதா என்று சோதிக்க, மூல வகையையும் எதிர்ப்பு வகையையும் அருகருகே வளர்க்க வேண்டும். சோதனைத் தட்டின் ஒவ்வொரு குழியிலும் மருந்தை முந்தையதில் பாதியாக நீர்த்து, மில்லிலிட்டருக்குச் சுமார் 5 லட்சம் செல்கள் இட்டு, 16 முதல் 20 மணி நேரம் கழித்து, வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்தளவு எது என்று பார்க்கிறார்கள். இம்முறையில் இரு மடங்கு வித்தியாசம் வெறும் அளவீட்டுப் பிழையாகவே இருக்கலாம். எதிர்ப்பு வகைக்கு அந்த அளவு நான்கு மடங்காவது இறங்கினால்தான் நம்பலாம்.

மருத்துவமனையில் கணக்கு தவறுவது இங்கேதான். நோயாளிகளிடம் கிடைக்கும் ஜென்டாமைசின் எதிர்ப்பு வகைகளில் பெரும்பாலானவை மின்னழுத்தத்தைத் தொடுவதே இல்லை. பிளாஸ்மிடில் (பாக்டீரியாக்களுக்கிடையே கைமாறும் சிறு டிஎன்ஏ வளையம்) வந்த நொதியால் மருந்தையே உருமாற்றிவிடுகின்றன. அவற்றின் பம்ப் வழக்கம்போல ஓடும். 'எதிர்ப்பு உண்டு' என்று மட்டும் சொல்லும் ஆய்வக அறிக்கையில் இந்த வேறுபாடு தெரியாது.

எதிர்ப்புக்காகக் கொடுத்த விலையைப் பாக்டீரியா மீட்டுக்கொள்வதும் உண்டு. ரிஃபாம்பிசினை எதிர்க்க ஆர்பிஓபி மரபணுவை மாற்றும் காசநோய்க் கிருமி பெரும்பாலும் மெதுவாக வளரும். பிறகு ஆர்பிஓசி என்ற வேறொரு மரபணுவில் இன்னொரு மாற்றம் வந்து வேகத்தை ஈடுகட்டிவிடும். அதன்பின் மருந்தை நிறுத்தி வைத்தாலும் எதிர்ப்பு தானாக மறையும் என்று எதிர்பார்க்க முடியாது.