ஒரே விபத்து, மூன்று தொகை: முன்தீர்ப்பை நீதிமன்றம் எப்படிப் படிக்கிறது?

சொந்தக் கடை வைத்திருந்த 35 வயதுத் தையல்காரர் ஒருவர் சாலை விபத்தில் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 10,000 ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள். இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஆண்டு வருமானம் 1,20,000-இல் அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, மீதி 80,000-ஐ வயதுக்குரிய பெருக்கெண் 16-ஆல் பெருக்கும். கிடைப்பது 12,80,000 ரூபாய். இந்தக் கணக்குமுறை 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு வகுத்தது.

உயிரோடு இருந்திருந்தால் வருமானம் கூடியிருக்குமே? 40 வயதுக்குட்பட்ட நிரந்தர ஊழியர் என்றால் 50 சதவீதம் கூட்டலாம்; சுயதொழில் செய்தவருக்கு, அரிதான சூழ்நிலை தவிர, கூட்டக் கூடாது என்றது அதே தீர்ப்பு. 2013 ஏப்ரல் 2 அன்று ரேஷ்மா குமாரி வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை ஏற்றனர். பத்தே நாளில், ஏப்ரல் 12 அன்று, ராஜேஷ் வழக்கில் வேறொரு மூன்று நீதிபதி அமர்வு சுயதொழில் செய்தவருக்கும் 50 சதவீதம் கூட்டச் சொன்னது. அப்படிப் பார்த்தால் தொகை 19,20,000.

உச்ச நீதிமன்றம் சொல்லும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசமைப்பின் 141-ஆம் பிரிவு. ஆனால் எந்தத் தீர்ப்பு? காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் ரேஷ்மா குமாரியை நீட்டுவார், குடும்பத்தின் வழக்கறிஞர் ராஜேஷை. நாலு வருஷம் இந்த இழுபறி நடந்தது.

2017 அக்டோபர் 31 அன்று பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் இதை முடித்துவைத்தனர். ராஜேஷ் தாராளமானதா, கஞ்சத்தனமானதா என்று அவர்கள் முதலில் பார்க்கவில்லை. அமர்வின் பலத்தையும் தேதியையும் பார்த்தார்கள். சம பலமுள்ள அமர்வின் முந்தைய தீர்ப்பில் உடன்பாடில்லையென்றால் வழக்கைப் பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டும். தானே மாற்றிச் சொல்ல முடியாது. ராஜேஷ் தீர்ப்போ ரேஷ்மா குமாரியைக் கவனிக்கவே இல்லை. எனவே அது கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பு அல்ல. அதன் பிறகுதான் ஐவரும் சதவீதத்துக்கு வந்தார்கள்: சுயதொழில் செய்தவருக்கு 40 வயதுக்குக் கீழ் 40, 40 முதல் 50 வரை 25, 50 முதல் 60 வரை 10. நம் தையல்காரரின் குடும்பத்துக்கு 17,92,000.

தீர்ப்பில் உள்ள ஒவ்வொரு வரியும் கட்டுப்படுத்தாது. முடிவுக்கு அவசியமான காரணம்தான் கட்டுப்படுத்தும். வழக்கறிஞர்கள் அதை ரேஷியோ என்பார்கள். போகிற போக்கில் சொன்னது ஒபிட்டர். தலைக்குறிப்பை, அதாவது தீர்ப்பின் தொடக்கத்தில் தரப்படும் சுருக்கத்தை, மட்டும் படித்துவிட்டு வாதாடுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

அந்த மூன்றில் ஒரு பங்குக் கழிவையே எடுத்துக்கொள்ளுங்கள். தையல்காரர் இறக்காமல் கையை இழந்திருந்தால்? சரளா வர்மாவைக் காட்டி அப்போதும் கழிக்கச் சொன்னால் நிற்காது. இறந்தவருக்கு இனிச் சாப்பாட்டுச் செலவு இல்லை என்பதே கழிவின் காரணம். காயம்பட்டவர் சாப்பிட்டாக வேண்டும். காயமடைந்தோர் வழக்கில் இந்தக் கழிவு தேவையில்லை என்று 2010-இல் ராஜ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சூத்திரத்தின் ஒரு பாதி பொருந்துவதால் மறுபாதியும் கூடவே வந்துவிடாது.

காரணத்தைப் பிடித்துக்கொண்டு விரிப்பதும் உண்டு. துணையை இழந்ததற்கென்று பிரணய் சேத்தி 40,000 ரூபாய் நிர்ணயித்தது. 2018-இல் மேக்மா வழக்கில் இரு நீதிபதி அமர்வு, பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் பிள்ளையை இழந்த பெற்றோருக்கும் இதே இழப்பு உண்டு என்றது. ஐவர் தீர்ப்பை மீறாமல், அதற்குள் இருந்தே விரித்த வாசிப்பு இது. 2020-இல் சத்தீந்தர் கௌர் வழக்கில் மூன்று நீதிபதிகள் இதை ஏற்று, கூடவே ஒரு கதவையும் சாத்தினர்: ‘அன்பு, பாச இழப்பு’ என்று தனியாக இன்னொரு தொகை கேட்க முடியாது.

இன்னும் பலர் பழைய 40,000-ஐயே மனுவில் எழுதிவைக்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்ட வேண்டும் என்று பிரணய் சேத்தியிலேயே இருக்கிறது. முதல் மூன்று ஆண்டு முடிந்ததும் 44,000, அடுத்த மூன்று முடிந்ததும் 48,400.